பள்ளி மேசைகளைத் தேய்க்கும் காற்றுக் கருவி: வேலையும் விஞ்ஞானமும் எச்சரிக்கையும்

பல பள்ளிகளில் கோடை விடுமுறையில் நடக்கும் வேலைகளுள் ஒன்று, பழைய பெஞ்சுகளையும் மேசைகளையும் சீர்செய்வது. காம்பஸ் முனையால் கீறிய பெயர்கள், வெட்டுகள், மழைச்சாரல் பட்டு எழும்பிய சிராய்கள் என்று ஒவ்வொரு பலகையிலும் பல ஆண்டுகளின் தடம் இருக்கும். தொடக்கப்பள்ளிக் குழந்தையின் உள்ளங்கையிலோ தொடையிலோ சிராய் ஏறினால், அன்று முழுவதும் அந்தக் குழந்தைக்குப் பாடத்தில் மனம் செல்லாது. ஆகவே பள்ளி மேலாண்மைக் குழு கூடி, தச்சர் ஒருவரை அழைக்கத் தீர்மானிக்கிறது.

முன்பு தச்சர் வந்தால் இழைப்புளியும் உப்புத்தாளும் எடுத்து வருவார். இப்போது பலர் ஒரு கம்ப்ரசரையும், அதிலிருந்து நீளும் குழாயின் நுனியில் உள்ளங்கையில் அடங்கும் வட்டமான சிறு கருவியையும் கொண்டு வருகிறார்கள். காற்றால் இயங்கும் கைச் சாண்டர் அது. கையால் நாள் முழுவதும் தேய்க்க வேண்டியதை மிக விரைவாக முடித்துவிடும். பலகை வழுவழுப்பாகிவிடும். ஆனால் பலகையிலிருந்து போன மரம் எங்கே போகிறது? அது பொடியாகி நம் வகுப்பறைக் காற்றில் கலக்கிறது. கருவி எப்படி வேலை செய்கிறது என்பதையும், அந்தப் பொடியை என்ன செய்ய வேண்டும் என்பதையும் வேலையை மேற்பார்வையிடும் ஆசிரியர் தெரிந்துகொள்வது நல்லது.

வழுவழுப்பு என்பது மிகச் சிறிய கீறல்கள்தான்

உப்புத்தாள் மரத்தைக் கீறுகிறது. வழுவழுப்பான பலகை என்று நாம் சொல்வது, கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத அளவு நுண்ணிய கீறல்களைக் கொண்ட பலகையைத்தான். பெரிய கீறலை அழிக்க அதைவிடச் சிறிய கீறல், அதை அழிக்க இன்னும் சிறியது என்று படிப்படியாகப் போவதே தேய்க்கும் கலை.

உப்புத்தாளின் பின்புறத்தில் 80, 120, 180, 220 என்று எண்கள் அச்சிட்டிருக்கும். தாளில் ஒட்டியுள்ள துகள்களைச் சலிக்கும் சல்லடையில் ஓர் அங்குல நீளத்துக்கு எத்தனை கண்கள் என்பதிலிருந்து வந்த எண் இது. கண்கள் கூடினால் ஒவ்வொரு கண்ணும் சிறுக்கும். எனவே எண் பெருகப் பெருகத் துகள் சிறியதாகும். 80 எண் தாளில் துகளின் சராசரி அளவு சுமார் 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. 120 எண் தாளில் 125 மைக்ரான், 180 எண் தாளில் 82 மைக்ரான், 220 எண் தாளில் 68 மைக்ரான். கடைசி அளவு ஏறத்தாழ நம் தலைமுடியின் தடிமன்.

பெயர் கீறிய மேசைக்கு 80இல் தொடங்கி, 120, 180 என்று போனால் போதும். 80க்குப் பிறகு நேராக 220க்குத் தாவினால், 80 உண்டாக்கிய ஆழமான கீறல்களை அந்த மெல்லிய தாளால் அழிக்க முடியாது. அப்போதைக்குத் தெரியாத அந்தக் கீறல்கள் வார்னிஷ் பூசியதும் வரி வரியாகத் தெரியும்.

கருவிக்குள் என்ன நடக்கிறது?

இந்தக் கருவியின் அடியில் 5 அல்லது 6 அங்குல விட்டமுள்ள வட்டத் தட்டு இருக்கும். உப்புத்தாள் வட்டம் அதில் பள்ளிப்பையின் வெல்க்ரோ போல ஒட்டிக்கொள்ளும். கருவியின் எடை பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். மின்மோட்டாரின் செம்புக் கம்பிச் சுருள் இதில் இல்லை என்பதே எடை குறையக் காரணம்.

மோட்டாருக்குப் பதிலாக உள்ளே ஓர் உருளை அறை இருக்கிறது. அதற்குள், மையத்திலிருந்து சற்று விலகி ஒரு சுழலி. சுழலியின் பள்ளங்களில் மெல்லிய தகடுகள் செருகப்பட்டிருக்கும். சுழலும்போது இவை வெளியே நழுவி அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டே போகும். அழுத்தமான காற்று குறுகிய பக்கத்தில் நுழைந்து, அகன்ற பக்கம் நோக்கி விரியும்போது தகடுகளைத் தள்ளுகிறது. சுழலி சுற்றுகிறது. வேலை முடிந்த காற்று ஓசையுடன் வெளியேறுகிறது.

தட்டின் அசைவில் இரண்டு இயக்கங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, தட்டின் மையமே 2.5 அல்லது 5 மி.மீ. விட்டமுள்ள சிறு வட்டத்தில் நிமிடத்துக்கு 12,000 முறை வரை சுற்றுவது. மற்றொன்று, தட்டு தன் அச்சில் தடையின்றிச் சுழல்வது. பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே சூரியனையும் சுற்றுவதை ஆறாம் வகுப்பில் சொல்லித் தருகிறோமே, அதை நினைத்துக்கொள்ளலாம். இரண்டும் கலப்பதால் எந்தத் துகளும் தான் போன தடத்திலேயே மீண்டும் போவதில்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் சிதறிவிடுவதால், மரத்தின் இழைக்குக் குறுக்கே நீண்ட கோடுகள் விழுவதில்லை.

காற்றின் கணக்கு

இந்தக் கருவிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அழுத்தம் 90 பிஎஸ்ஐ. இது சுமார் 6.2 பார். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஆறு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். சிறிய கம்ப்ரசர்கூட இந்த அழுத்தத்தைத் தந்துவிடும். சிக்கல் அழுத்தத்தில் இல்லை, அளவில் இருக்கிறது.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். தொட்டியின் உயரம் குழாயில் வரும் தண்ணீரின் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆனால் எவ்வளவு நேரம் வரும் என்பதைத் தொட்டியின் கொள்ளளவும், அதை நிரப்பும் மோட்டாரின் திறனும்தான் தீர்மானிக்கும். கைச் சாண்டர், குழாயை முழுக்கத் திறந்து வைத்தது போன்ற கருவி. ஆணி அடிக்கும் காற்றுத் துப்பாக்கி ஒரு நொடி மட்டும் காற்றைக் குடிக்கும். சாண்டரோ விசையை அழுத்தியிருக்கும் நேரமெல்லாம் குடித்துக்கொண்டே இருக்கும்.

பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குப் பாயில் விதி நடத்தும்போது இதையே கணக்காகக் கொடுக்கலாம். 50 லிட்டர் தொட்டியில் காற்றின் அழுத்தம் 8 பாரிலிருந்து 6 பாருக்குக் குறைகிறது. வெப்பநிலை மாறவில்லை என்று கொண்டால், ஒவ்வொரு பார் குறைவுக்கும் ஏறத்தாழ 50 லிட்டர் சாதாரணக் காற்று வெளிவரும். ஆக 100 லிட்டர். சாண்டர் நிமிடத்துக்கு 10 கன அடி, அதாவது 283 லிட்டர் சாதாரணக் காற்றைப் பயன்படுத்துகிறது என்றால், அந்த 100 லிட்டர் எத்தனை நொடிக்கு வரும்? விடை சுமார் 21 நொடி. அதற்குப் பிறகு கம்ப்ரசர் அடைக்கிற வேகத்துக்குத்தான் சாண்டர் ஓடும். சிறு கம்ப்ரசரோடு வரும் தச்சர் அடிக்கடி நிறுத்தி நிறுத்தி வேலை செய்வதன் காரணம் மாணவர்களுக்கு இப்போது புரியும்.

இன்னொரு பாடமும் இதில் இருக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லாக் குழந்தைகளும் அறிவார்கள். காற்றை அமுக்கினால் சூடேறும், விரியவிட்டால் குளிரும். கம்ப்ரசரின் தலைப்பகுதி சுடுவதும், சாண்டரின் உடல் நெடுநேரம் ஓடியும் சில்லென்று இருப்பதும் இதனால்தான். அமுக்கிய காற்று தொட்டியில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியும். ஈரப்பதம் மிகுந்த நம் கடலோர மாவட்டங்களில் இது இன்னும் அதிகம். தொட்டியின் அடியிலுள்ள திருகைத் தினமும் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி உட்புறம் துருப்பிடித்துப் பலவீனமாகும், குழாய் வழியே வரும் ஈரம் பலகையிலும் தெறிக்கும். கருவிக்கு அவ்வப்போது இரண்டு சொட்டு எண்ணெய் விடுவதும் உண்டு. அதிகமாக விட்டால் அந்த எண்ணெய் மரத்தில் தெறித்து, பிறகு பூசும் வார்னிஷ் ஒட்டாமல் புள்ளி புள்ளியாக விலகும்.

சரி, பள்ளிக்கு இப்படி ஒரு கருவி வாங்கலாமா? சில மேசைகளுக்காகப் பெரிய கம்ப்ரசர் வாங்குவது வீண் செலவு. காற்றை அமுக்குவதில் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். இதே அசைவு கொண்ட மின் சாண்டர் பள்ளி வேலைக்குப் போதுமானது. நாள் முழுவதும் ஓடும் மரப்பட்டறைகளில்தான் காற்றுக் கருவிக்குச் சிறப்பு. எடை குறைவு, அதிக வேலை கொடுத்தாலும் சுருள் எரிந்துபோகாது, கையில் பிடிக்கும் கருவியில் மின்சாரம் இல்லாததால் அதிர்ச்சிக்கு அஞ்ச வேண்டாம்.

வேலையைப் பார்வையிடும்போது

முதலில் ஆடும் கால்களை இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணித் தலைகளைப் பலகைக்குள் அடித்து இறக்க வேண்டும். ஒரே ஓர் ஆணித் தலை போதும், தாளைக் கிழித்துவிடும்.

பலகை முழுவதும் பென்சிலால் மெல்லிய குறுக்குக் கோடுகள் போட்டுக்கொள்வது நல்ல உத்தி. கோடுகள் எல்லா இடத்திலும் மறைந்தால் அந்தத் தாளின் வேலை முடிந்தது. அடுத்த தாளுக்குப் போகும் முன் மீண்டும் கோடு போட வேண்டும். முன்பு பயன்படுத்திய தாளின் துகள் ஒன்று பலகையில் மிஞ்சினாலும் புதிதாகக் கீறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஈரம் பிழிந்த துணியால் துடைப்பது அவசியம்.

கருவியைப் பலகையில் தட்டையாக வைத்த பிறகு விசையை அழுத்துவதும், பலகையிலிருந்து எடுத்த பிறகு நிறுத்துவதும் முறை. கையால் அழுத்தக் கூடாது. கருவியின் எடையும் கையின் எடையும் போதும். அழுத்தினால் தட்டின் சுழற்சி நின்று, சிறு வட்ட அசைவு மட்டும் மிஞ்சும். அப்போது மரத்தில் சுருள் சுருளாகக் கீறல் விழும். நொடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில் மெதுவாக நகர்த்தினால் வேலை சுத்தமாக இருக்கும். அவசரப்பட்டு வேகமாக இழுப்பதால் நேரம் மிச்சமாவதில்லை.

ஒட்டுப்பலகை மேசைகளில் கூடுதல் கவனம் வேண்டும். மேலே ஒட்டிய அழகு மரத் தகடு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. சில நொடிகள் ஒரே இடத்தில் நின்றால் அடியிலுள்ள பசையும் வேறு நிற மரமும் தெரிந்துவிடும். இவற்றுக்கு 180 எண் தாளைக் கையில் எடுப்பதே நல்லது.

கடைசியாக, மேசையின் விளிம்பும் மூலைகளும். குழந்தைகளின் முழங்கையும் முன்னங்கையும் படும் இடம் அது. கருவியால் தேய்த்தபின் கையால் உப்புத்தாள் பிடித்து, மரத்தின் இழை ஓடும் திசையில் விளிம்பை மழுக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பழைய பருத்தித் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். சிராய் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும்.

தூசி: கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாதது

தேய்க்கும்போது தரையில் விழும் மரத்தூளால் பெரிய தீங்கில்லை. காற்றில் மிதந்து, மூக்கு வழியே உள்ளே போகும் நுண்பொடிதான் ஆபத்து. மெல்லிய தாளுக்குப் போகப் போக நுண்பொடியும் கூடும்.

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியிலுள்ள ஹை விக்கம் நாற்காலித் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1960களில் அங்கே காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த எஸ்மே ஹாட்ஃபீல்டு, மூக்கின் உட்பகுதியில் வரும் மிக அரிதான ஒருவகைப் புற்றுநோய் மரச்சாமான் தொழிலாளர்களிடம் அடிக்கடி காணப்படுவதைக் கவனித்தார். அவரும் ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து, 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டார்கள். மரப்பொடியைச் சுவாசித்துப் பல பத்தாண்டுகள் கழிந்த பிறகே நோய் தெரிய வந்தது. 1995இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மரப்பொடியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் உள்ள பிரிவு அது. இது தவிர, மரப்பொடி ஆஸ்துமாவைத் தூண்டும். தேக்கு, ஈட்டி போன்ற மரங்களின் பொடி சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொண்டுவரும்.

ஒரு சில நாள் தூசிக்கே புற்றுநோய் வந்துவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு பொடி அதிகம் என்பதை ஒரு கணக்கால் உணரலாம். பிரிட்டனில் கடின மரப்பொடிக்கு, எட்டு மணி நேர வேலையின் சராசரியாக, ஒரு கன மீட்டர் காற்றில் 3 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். 20 அடிக்கு 20 அடி, 10 அடி உயரமுள்ள வகுப்பறையின் கொள்ளளவு சுமார் 113 கன மீட்டர். அப்படியானால் அறை முழுவதற்கும் சேர்த்து 340 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பு அளவே வரும். வேலை பார்க்கும் பெரியவர்களுக்கான வரம்பே இவ்வளவுதான் என்றால், ஆஸ்துமா உள்ள ஆறு வயதுக் குழந்தை அமரும் அறையில் சாண்டரை ஓட்டக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பழைய பெயின்ட் இருந்தால் நிறுத்துங்கள்

மரப்பொடியைவிட உடனடிக் கவனம் வேண்டியது பழைய பெயின்ட். நிறமும் பளபளப்பும் விரைவாகக் காயும் தன்மையும் வேண்டி, எனாமல் பெயின்டுகளில் ஈயச் சேர்மங்கள் கலக்கும் வழக்கம் இருந்தது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்டுகளில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெயின்ட் அடித்த பெஞ்சு, கதவு, சன்னல், கரும்பலகைச் சட்டம் எதுவாயினும் ஈயம் இருக்கலாம் என்று கொள்வதே பாதுகாப்பு.

சாண்டர் அந்தப் பெயின்டைச் சுவாசிக்கக்கூடிய பொடியாக்கிவிடும். பொடி தரையிலும் மேசையிலும் படியும். தரையில் அமர்ந்து படித்து, அதே கையால் சாப்பிடும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் உடலுக்குள் போகும். ஈயம் வளரும் மூளையைப் பாதிக்கிறது. கற்றல் திறனும் கவனமும் குறைகின்றன. இரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பாடம் ஏறாத குழந்தைக்காக எத்தனையோ முறைகளைத் தேடும் நாம், நம் கையாலேயே அதற்கு ஒரு காரணத்தைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது.

ஆகவே பழைய பெயின்ட் உள்ள மரத்தை எந்தக் கருவியாலும் உலர்வாகத் தேய்க்க வேண்டாம். பெயின்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் கழுவித் துடைத்து, அதன்மேலேயே புதிய பெயின்ட் பூசலாம். உரிந்துகொண்டிருந்தால் அந்தப் பலகையை மாற்றிவிடுவது நல்லது. வெறும் மரமும் வார்னிஷ் மட்டும் பூசிய மரமும்தான் சாண்டருக்கு உரியவை.

வேலை ஒப்படைக்கும்போது எழுதிக்கொள்ள வேண்டியவை

பள்ளி மேலாண்மைக் குழு தச்சரிடம் பேசும்போது கூலியோடு இவற்றையும் பேசிவிடலாம்.

1. மாணவர்கள் இல்லாத நாட்களில் மட்டும் வேலை. வகுப்பறைக்குள் அல்லாமல் வெளியே, சத்துணவுக் கூடமும் குடிநீர்த் தொட்டியும் இல்லாத பக்கத்தில்.

2. தூசி உறிஞ்சும் வசதியும் பையும் உள்ள சாண்டர். தாளிலுள்ள துளைகள் தட்டின் துளைகளோடு பொருந்தியிருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் பை இருந்தும் பயனில்லை.

3. தச்சருக்கும் உதவியாளருக்கும் என் 95 வகை முகக்கவசம், கண்ணாடி, காதடைப்பான். முகத்தில் கட்டும் துண்டு நுண்பொடியைத் தடுக்காது.

4. உடையிலுள்ள தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது. அந்தக் காற்று தோலின் காயம் வழியாகவோ கண், காது வழியாகவோ புகுந்து பெருந்தீங்கு செய்யும். விளையாட்டுக்குக்கூட யார் மீதும் பீய்ச்சக் கூடாது.

5. வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். அவற்றை விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்த வேண்டும்.

6. கம்ப்ரசரின் பாதுகாப்பு வால்வும் குழாயின் இணைப்புகளும் சரியாக உள்ளனவா என்று தொடங்கும் முன் பார்க்க வேண்டும்.

மாணவர்கள் கருவியைத் தொட வேண்டாம்

ஆனால் அதிலுள்ள பாடத்தை அவர்கள் தொடலாம். மிச்சமான இரு மரத்துண்டுகளை 80 எண் தாளால் கீறிக் கொடுங்கள். ஒரு குழு 120, 180 என்று படிப்படியாகவும், இன்னொரு குழு நேரடியாக 180 எண் தாளாலும் திறந்த வெளியில், முகக்கவசத்துடன் சிறிது நேரம் கையால் தேய்க்கட்டும். இரண்டையும் சாய்வான வெளிச்சத்தில் பார்த்து வேறுபாட்டை எழுதட்டும். எட்டாம் வகுப்பில் உராய்வு நடத்தும்போது இது பொருத்தமான செயல்பாடு.

தூசியைக் காட்ட மரம்கூடத் தேவையில்லை. அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியின் குறுக்கே ஒரு பழைய துணியை மெல்ல உதறுங்கள். சற்று முன் சுத்தமாகத் தெரிந்த காற்றில் எத்தனை துகள்கள் மிதக்கின்றன என்பதை மாணவர்களே சொல்வார்கள். ஒட்டும் டேப்பைப் பசைப்பக்கம் மேலாக வைத்து ஒரு நாள் கழித்து லென்சால் பார்த்தால், எந்த இடத்தில் தூசி அதிகம் படிகிறது என்பதற்கு ஓர் ஒப்பீடே கிடைத்துவிடும்.

வாய்ப்பிருந்தால் வேலை முடிந்தபின், பள்ளி திறந்ததும் அந்தத் தச்சரையே ஒரு பாடவேளைக்கு அழைக்கலாம். மரத்தின் இழையை விரலால் தடவி அறியும் திறனை நம்மைவிட அவர் நன்றாகச் சொல்லித் தருவார். பல ஊர்களில் அவர் நம் மாணவர் ஒருவரின் தந்தையாகவும் இருப்பார். நம் மேசைகளைத் தேய்த்த தூசியை ஒரு வாரம் சுவாசித்தவர், வேறு இடங்களிலும் ஆண்டு முழுவதும் அதையே சுவாசிக்கிறார். பள்ளி வாங்கிக் கொடுக்கும் முகக்கவசமும், அது ஏன் என்று அவர் பிள்ளைக்கு வகுப்பில் கிடைக்கும் விளக்கமும் அவருடைய மற்ற வேலை நாட்களுக்கும் துணை போகும்.